கிடாரிக்குக் கிடைக்காத பால்

நவம்பர் 9, ஞாயிறு. விடாத மழை.

பால் சங்கம் கன்றுகளின் வாயிலிருந்து பாலைப் பிடுங்குகிறது. வெளியில் சொன்னால் வாயாடி என்பார்கள். அதனால் இங்கே.

எங்கள் ஜெர்சி மாடு கன்று போட்டு எட்டு நாள் ஆகிறது. கிடாரி, பெண் கன்று. நெற்றியில் கோணலாக வெள்ளை. சீம்பால் முடிந்ததும் முடியாததுமாகச் சங்கத்துச் செகரெட்டரி வாசலில். மடியில் இருக்கிற மொத்தப் பாலும் சங்கத்துக்காம். கன்றுக்குப் புளிக்கவைத்த சோயாத் தூள். அதையும் அவர்களே விற்கிறார்கள்.

"சாதா புண்ணாக்கு இல்லக்கா இது. புளிக்க வச்சது. தானா செரிச்சுடும். வெந்நீர்ல கலக்கி ஊத்து, கன்னு துள்ளிக்கினு ஓடும்."

"அப்ப பால்?" என்றேன்.

"கன்னு குடிக்கவாம்மா சங்கம் நடத்துறோம்?"

சிரிப்பு. அம்மாவும் கூடச் சிரித்தாள். மறுத்தால் நாளையே நம் பாலில் தண்ணீர் என்று திருப்பி அனுப்புவான். அவளுக்குத் தெரியும்.

அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையால் தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்ட முடியாத கடுப்பு அவருக்கு.

நவ. 10, திங்கள். தூறல்.

தூளுக்குப் பழைய தோசைமாவு வாடை. கன்று மூக்கைத் திருப்பிக்கொண்டது. அம்மா வாய்க்குள் விரலை விட்டு, சப்ப வைத்து, அப்படியே வாளிக்குள் இறக்கினாள். குடித்துவிட்டது. காம்பு என்று நினைத்து ஏமாந்தது.

வாங்க வேண்டியவை: கொசுவத்தி, மண்ணெண்ணெய், செருப்புக்கு வார்.

நவ. 11, செவ்வாய்

காலையில் கொஞ்சம் வெளுத்தது. தெருவில் பாவை நீட்டினார்கள். நூல் விறைக்கக் கஞ்சி போட வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் மழை கொட்டிவிட்டது. எதிர்வீட்டு மாமா, அப்பா, நான், எல்லோரும் ஓடி ஓடிச் சுருட்டினோம். பட்டு தப்பியது. அடுப்படியில் குண்டான் நிறையக் கஞ்சி.

நவ. 12, புதன். மழை.

ஏனாத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே காலேஜ். பின்னால் இரண்டு பேர்: "பொண்ணு படிக்குதா?" "படிச்சிக்கினு இருக்குது, கல்யாணம் வர்ற வரிக்கும்." திரும்பி முறைத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

வீடு திரும்பினால் வாளியில் தூளோடு பாவுக் கஞ்சி. நேற்றையது, புளித்துப் பொங்கி நிற்கிறது. காலையிலிருந்தே அம்மா அதைத்தான் ஊற்றியிருக்கிறாள்.

"என்னாமா இது?"

"அரிசிக் கஞ்சிதானேடி. விஷமா? தூளும் புளிச்சது, கஞ்சியும் புளிச்சது. ரெண்டும் சேர்ந்து போவும். வெறுந்தண்ணில அதுக்கு வயிறு ரொம்பலபா, கத்திக்கினே இருக்குது."

வாளியைக் கவிழ்த்தேன். திட்டினாள். கன்று தரையை நக்கியது.

நவ. 13, வியாழன்

கழிச்சல். சாம்பல் நிறத் தண்ணீர். வால், தொடை எல்லாம் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. குடல் வாடை. அம்மா ஓமம் அரைத்தாள். காது சில்லிட்டிருக்கிறது.

நவ. 14, வெள்ளி

டவுனிலிருந்து மாட்டு டாக்டரை ஆட்டோவில் அழைத்து வந்தேன். கன்றின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். கண் குழிக்குள் போயிருந்தது.

"இந்த வயசுல நாலு வயித்துல ஒண்ணுதான்மா வேலை செய்யும். அது பாலுக்கு. புளிக்க வச்ச சோயா கெட்டது இல்ல, பச்சை சோயாவை விட நல்லாவே செரிக்கும். ஆனா பால் குடிச்சிக்கினே கொஞ்சம் கொஞ்சமா பழகணும். பாலுக்குப் பதிலா குடுக்கறது இல்ல. கஞ்சியைச் செரிக்க அதுக்கு இன்னும் சத்து வரல."

"இதைச் சங்கத்துல வந்து சொல்வீங்களா சார்?"

கை கழுவினார். நிறைய நேரம் கழுவினார். "உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணி குடுத்துக்கினே இரு."

அம்மா மாட்டுக்கு முன்னால் போய் நின்றாள். அதனிடம் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.

நவ. 15, சனி. வெயில்.

விடியும்போது செத்துக் கிடந்தது.

தெரு முழுக்கப் பாவு. நல்ல வெயில்.

நவ. 16, ஞாயிறு

மாடு பாலை அடக்கிக்கொண்டது. கறந்தால் உதைக்கிறது. கேனில் பால் குறைந்ததும் செகரெட்டரி வந்துவிட்டான், கூடவே தோல் உரிக்கிற ஆளோடு.

"தூள் மேல பழி போடாதக்கா. நீ கஞ்சி ஊத்தின. யாரு ஊத்தச் சொன்னது?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கஞ்சி தப்புதான். நான் மறுக்கவில்லை. பால் இருந்திருந்தால் கஞ்சி எதற்கு? அதை யாரும் கேட்கவில்லை.

செத்த கன்றின் தோல், உள்ளே வைக்கோல், காலுக்கு நாலு குச்சி. மத்தியானத்துக்குள் கன்று மறுபடி நின்றது, நெற்றியில் அதே கோணல் வெள்ளை. மாடு அதை நக்கி நக்கிப் பாலை விட்டது. இந்தக் கன்றுக்கு எந்தத் தூளும் ஒத்துக்கொள்ளும். கழியாது. கத்தாது.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவ. 17, திங்கள். மூடாக்கு.

கேனைச் சங்கத்துக்கு நானே எடுத்துப் போனேன். வரிசையில் எதிர்வீட்டு மாமி. அவர்கள் மாடு இன்றோ நாளையோ ஈனும். கையில் தூள் பை, இப்போதே வாங்கிவிட்டாள்.

"கன்னு போட்ட மாட்டுல ஒரு காம்பு கன்னுக்குன்னு பலகையில எழுதிப் போடுங்க," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி. "மாமி மாடு ஈனுறதுக்குள்ள எழுதுங்க. இப்பவே. சாக்பீஸ் அங்கதான் இருக்குது."

செகரெட்டரி என் கேனுக்குள் குனிந்து நுரையை ஊதி, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.