அப்பா பற்றவைத்த போர்டு

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததையும், வலி எடுத்ததும் ஆஸ்பத்திரிக்கு வண்டி பூ மாதிரி போனதையும் உன் அப்பா போனில் சொன்னார். நீ சூப்பர்ப்பா என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும், எனக்கு வருகிற மெசேஜையும் அவர்தான் முதலில் படிக்கிறார். அதனால்தான் காகிதத்தில் எழுதித் தபாலில் போடுகிறேன்.

அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று நீ அந்த கியர் கன்ட்ரோலர் பாகங்களை அனுப்பினாயே, நல்ல மனசோடுதான் அனுப்பினாய், ஆனால் அந்தப் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் காரில் கியர் தானாக மாறுவதற்கு இருந்த பழைய பெட்டி கெட்டுப்போய்விட்டது, கம்பெனிப் பெட்டியையே வாங்கிப் போடுங்கள் என்று மெக்கானிக் சொன்னார். அவன் கொள்ளைக்காரன், நானே பண்ணுறேன் என்று இவர் சாப்பாட்டு மேசையில் கடை பரப்பினார். தன் கண்ணாடிக்கு மேலே என் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, ஈயக் கம்பியைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும் கோலத்தை நீ பார்க்க வேண்டும். வீடு முழுக்கப் புகை, ஜன்னல் திரையில் அந்த நெடி இன்னும் போகவில்லை. போர்டில் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலின் முனையைத் துடைக்கப் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை எடுத்திருக்கிறார், துடைத்துவிட்டுத் திரும்பத் தொட்டியிலேயே வைத்திருக்கிறார், நானும் தெரியாமல் அதே ஸ்பாஞ்சால் தட்டு கழுவியிருக்கிறேன். நறுக்கிப் போட்ட கம்பித் துணுக்கு ஒன்று என் குதிகாலில் ஏறியது, இன்னொன்று சோற்றில் கிடந்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் பல் தேய்க்க பிரஷ்ஷை வாயில் வைத்தால் ஸ்பிரிட் நாற்றமும் கசப்பும் குமட்டிக்கொண்டு வருகிறது. கேட்டால், போர்டுல பிசுக்கு இருந்துச்சு, உன் பிரஷ்தான் மெத்துன்னு இருந்துச்சு, கழுவித்தானே வச்சேன் என்கிறார். வாந்தி எடுத்துவிட்டு வந்து நிற்கிறேன், மனுஷன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

குட்டி உருளை மாதிரி ஒரு சாமான், அதற்கு முன்பின் உண்டாம். மாற்றி வைத்துவிட்டார். கரண்ட் கொடுத்ததும் டப்பென்று வெடித்து, அழுகின மீன் நாற்றம் மாடிப்படி வரைக்கும் போய் எதிர்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். எலி செத்துப்போச்சு என்று நான் பொய் சொன்னேன். வேறொன்று வாங்கி வைத்து, கடைசியில் ஒரு வழியாக அதைப் பெட்டிக்குள் அடைத்து வண்டியில் பொருத்தினார். முதல் ஓட்டத்துக்கு நான்தான் கிடைத்தேன். மார்க்கெட் பக்கத்து மேட்டில் ஏறும்போது கியர் மாறியதும் வண்டி குதித்த குதியில் என் நெற்றி முன்னால் போய் இடித்தது. தக்காளி எல்லாம் கால் கீழே நசுங்கியது. திரும்பி வரும்போதும் அதே குதி. கியர் இப்பத்தான் பழகுது, ரெண்டு நாள்ல சரியாயிடும் என்றார். அன்று நெற்றி வீங்கி நான் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருக்கும்போதுதான் உனக்குப் போன் போட்டு, ஒரு குலுக்கல் இல்லம்மா, என் கையால பண்ணினது என்று பெருமை அடித்தார். எனக்கு அந்தப் புகையைவிட இந்தப் பேச்சுதான் குமட்டியது. அதற்கும் மேலே, சின்னவளைப் பிரசவத்துக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப்போவேன் என்று ஒரே பிடிவாதம். நிறைமாசக்காரியை அந்தக் குதிரையில் ஏற்றுவதா? சொன்னால் காதில் வாங்கினால்தானே.

நானே மெக்கானிக் பட்டறைக்கு நடந்து போய்க் கேட்டேன். அந்தப் பொட்டியைக் கழட்டிட்டா வண்டி ஒரே கியர்ல நிக்கும்மா, கிளம்பறதுக்கு சோம்பும், வேகம் பிடிக்காது, ஆனா குதிக்காது என்றார், எங்கே எப்படிக் கழட்டுவது என்றும் காட்டினார். அடுத்த நாள் காலையில் உன் அப்பா குளிக்கப் போனதும் கீழே போய்ப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்து பழைய துணிப் பைக்குள் போட்டுவிட்டேன். காணவில்லை என்று கண்டுபிடிப்பார், ஒரு சண்டை நடக்கும், பிறகு டாக்ஸிக்கு ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அன்றைக்கே சின்னவளுக்கு வலி எடுத்துவிட்டது. மாப்பிள்ளை அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். டாக்ஸி கூப்பிடுங்க, டாக்ஸி கூப்பிடுங்க என்று நான் கத்துகிறேன், இவர் அவளைப் பின் சீட்டில் உட்காரவைத்து வண்டியைக் கிளப்பியே விட்டார். அவள் என் கையை நெரிக்கிறாள். வண்டி நத்தையாக நகர்ந்தது, பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான். ஆனால் அந்த மேட்டில்கூட ஒரு குதி இல்லை. உன் அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, பாத்தியா, எவ்வளவு மெத்துன்னு போகுது என்றார்.

அப்புறம் ஆஸ்பத்திரியில் அவரைப் பிடிக்க முடியவில்லை. நர்ஸிடம் சொன்னார், டீ கொண்டுவந்தவரிடம் சொன்னார், குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு அதனிடமும் சொன்னார். பாவம், மாப்பிள்ளை மரியாதைக்கு, என் வண்டிக்கும் ஒண்ணு பண்ணித் தாங்க மாமா என்று வாயை விட்டுவிட்டார். மறுநாளே மேசையில் சூட்டுக்கோல் புகைய ஆரம்பித்துவிட்டது. சின்னவளும் பச்சைக் குழந்தையும் போகப்போகிற வண்டி அது. இதற்கு மேல் பொறுக்க முடியாமல் துணிப் பையிலிருந்து பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வலி எடுத்த அன்னிக்குக் காலையிலேயே கழட்டிட்டேன், நீங்க ஓட்டினது இது இல்லாத வண்டி என்றேன். வீடு இரண்டாகும் என்று நினைத்தேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏன் செய்தாய் என்று என்னைக் கேட்கவில்லை, உன் நெற்றி எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பெரியவளுக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். சூட்டுக்கோலின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கு எப்படி ஆத்திரம் வந்தது தெரியுமா? பெண்டாட்டி மண்டை வீங்கினதற்கும், பெற்ற பெண்ணை அந்த வண்டியில் ஏற்றத் துணிந்ததற்கும் வராத வெட்கம், நீ தெரிந்துகொள்வாயோ என்றதும் வந்துவிட்டது. சீ என்று இருக்கிறது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்டவும் வாய் வரவில்லை. இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நம் வண்டிக்குக் கம்பெனிப் பெட்டி போட மெக்கானிக்கிடம் நானே சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை வண்டியை மாப்பிள்ளையே பார்த்துக்கொள்வார்.

நீ நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும். ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே. இனிமேல் அப்பாவுக்கு ஏதாவது அனுப்பத் தோன்றினால் சட்டை அனுப்பு. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது அவராகச் சொன்னால், அப்போதுதான் கேட்கிறவள் மாதிரி கேட்டுக்கொள். அவர் சொல்லவில்லை என்றால் குழந்தையைப் பற்றிக் கேள், மழையைப் பற்றிக் கேள், என்ன வேண்டுமானாலும் கேள், வண்டி எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா