அறுபதாம் நம்பர் ரப்பர்

உருண்டையின் அப்பாவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அவள் அதிகம், நான் குறைவு. அங்கே மரக்கிடங்கில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன தடவை அனுப்பிய படத்தில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. பலகை பொறுக்கப் போன ஆள் பலகையாகவே திரும்பி வர வேண்டாம்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஃபோனில் நான் எது கேட்டாலும் "சரி சரி" என்கிறீர்கள். போன மாதம், ரப்பர் ஐம்பதா அறுபதா என்று கேட்டேன். சரி என்றீர்கள். உருண்டையைக் காது டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அதற்கும் சரி சரி, பார்த்துக்கலாம். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன், அதற்கும் ஒரு சரி. எழுத்தாக இருந்தால் ஒரு வரியும் தப்பாமல் உங்களிடம் வந்து சேரும் என்றுதான் எழுதுகிறேன். மூன்று வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். ஏன் தாமதம் என்பதும் இதிலேயே வரும்.

விஷயம் இரண்டு. ஒன்று ரப்பர். இன்னொன்று நம் பிள்ளையின் காது. ரப்பரை முதலில் எழுதுகிறேன். அதற்காவது ஒரு முடிவு கிடைத்திருக்கிறது.

நம் பில்லியர்ட்ஸ் கோலுக்கு அடி ரப்பர் வார்த்துக் கொடுத்தவர் பட்டறையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். கடைசிப் பொட்டலத்தில் ஒன்பதுதான் இருந்தது, அதுவும் கறுப்பு. கிளப்காரர் கேட்டது பதினாறு கோல். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். புதிதாக வெள்ளைத் தரை போட்டிருக்கிறாராம். யாராவது நன்றாக ஆடினால் மற்றவர்கள் கோலைத் தரையில் தட்டித்தானே சபாஷ் சொல்கிறார்கள்? கறுப்பு ரப்பரால் சாயங்காலத்துக்குள் தரை முழுக்க காக்கா நடந்த மாதிரி ஆகிவிடுகிறதாம். சபாஷ் சொல்ல வாய் இல்லையா என்று நாக்கு வரை வந்தது. ஆர்டர் கொடுக்கிறவரிடம் கேட்கவா முடியும்?

பெரிய கம்பெனிக்கு எழுதிப் பார்த்தேன். குறைந்தது இரண்டாயிரம் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்திருந்தால் உருண்டையின் பேத்தி வந்துதான் அந்தப் பெட்டியைக் காலி செய்திருப்பாள். நாற்காலிக் கால் ரப்பர் மாட்டிப் பார்த்தேன், நாலு தட்டுக்குக் கழன்று ஓடியது. மருந்துக்கடையில் ஊன்றுகோல் ரப்பர் கேட்டேன். வீட்டில் யாருக்கும்மா முடியலை என்று கடைக்காரர் ரொம்பப் பரிவாகக் கேட்டார். பதினாறு பேருக்கு என்று சொல்லிவிட்டேன். அதுவும் சரிப்படவில்லை, யானைக்கால் மாதிரி இருந்தது.

கடைசியில் வழி சொன்னது கீழ்வீட்டுத் தையல்காரர்தான். தையல் மெஷினுக்குக் கால் ரப்பர் வார்க்கிற ஒரு அக்கா இருக்கிறார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரே ஒரு அச்சு மெஷின். முழங்கை வரை கரி. தரையில் கோடு விழாத சாம்பல் நிறக் கலவை அவரிடம் இருக்கிறது. நம் பழைய ரப்பரை வாங்கி, பழுத்ததா என்று பார்ப்பது போல நகத்தால் அழுத்திப் பார்த்தார். ஐம்பது, அறுபது, எழுபது என்று மூன்று கடினத்தில் வகைக்கு ஆறு வார்த்துக் கொடுத்தார். எது நல்லது என்று அவரையே கேட்டேன். "நம்பரைத்தான் நான் சொல்ல முடியும். கேட்டுப் பாத்து எடுக்கறது உன் வேலை" என்றார்.

அங்கேதான் தப்பு செய்தேன். வீட்டில் பலகைத் தரை. கோலை ஒரு தட்டு தட்டினால் கீழே தையல்காரர் தலையில் இடி விழும். அவர் அளவுகோலால் கூரையைக் குத்துவார். அந்தப் பயத்தில், தடிப் பாயை இரண்டாக மடித்துப் போட்டு அதன் மேல் தட்டிப் பார்த்தேன். மூன்றும் ஒரே மாதிரி பொத்தென்றுதான் கேட்டன. சரி, எதுவானால் என்ன என்று, சுலபமாக உள்ளே போன ஐம்பதையே மாட்டி நாலு கோல் அனுப்பினேன். இரண்டே நாளில் திரும்பி வந்தன. பந்தை அடிக்கிற ஒவ்வொரு தடவையும் கோலுக்குள் ஙொய்ங் என்கிறதாம். கொசுவையும் சேர்த்தா வித்தீங்க என்று கிளப்காரர் கேட்டார். ரப்பர் மெத்தென்று இருந்ததால் கோலுக்குள் எடைக்காக வைத்திருக்கிற போல்ட்டை அது அழுத்திப் பிடிக்கவில்லை. வெறும் தரையில் ஒரு தட்டு தட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

பாயைச் சுருட்டிவிட்டு மறுபடி தட்டினேன். முதல் தட்டிலேயே போல்ட் சிணுங்கியது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டப்பா மூடியோடு தரையில் உட்கார்ந்திருந்த உருண்டை சட்டென்று திரும்பினாள்.

பதினாலு மாதமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவள். வாசல் மணிக்கும் மிக்ஸிக்கும் அசையாதவள். அதற்காகத்தானே நான் உங்களை ஃபோனில் நச்சரித்ததும், சில பிள்ளைங்க அப்படித்தான் என்று நீங்கள் சொன்னதும்? திரும்பினாள். மறுபடி தட்டினேன், மறுபடி திரும்பிச் சிரித்தாள். பதினோரு தடவை தட்டினேன். கீழேயிருந்து தையல்காரர், என்னம்மா வீட்டைப் பிரிக்கிறீங்களா என்று கத்தினார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் சொன்னதுதான் சரி, எனக்குத்தான் வீண் பயம், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நாலு பக்கம்.

அந்தக் கடிதத்தை மறுநாள் கிழித்துப் போட்டேன். மறுநாள் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அறுபதை மாட்டித் தட்டினேன். திரும்பவில்லை. எழுபதை மாட்டினேன். அது கல் மாதிரி, டக்கென்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் பொம்மையின் கண்ணை நோண்டிக்கொண்டிருந்தாள். தூக்கித் தரையில் உட்கார வைத்தேன். எல்லாவற்றுக்கும் திரும்பினாள், ஐம்பதுக்குக்கூட. திரும்பக் கட்டிலில் விட்டேன், ஒன்றுக்கும் இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சோதனையை மூன்று முறை செய்யச் சொல்வார்கள். நான் ஏழு முறை செய்தேன். தரைதான் அவளுக்குச் சொல்கிறது. அவளுக்குக் காது கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் ரப்பரைத் தொடவில்லை. ஆனால் கிளப்காரர் காத்திருப்பாரா? அறுபதா எழுபதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. நீங்கள் செய்கிற மாதிரியே செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. கோலின் மேல் முனையைக் காதுக்குக் கீழே தாடை எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டு தட்டுவீர்களே, அது. கல்யாணமான புதிதில், கோலுக்கு முத்தம் கொடுக்கிற மனுஷன் என்று நான் கேலி செய்வேன். வாங்க வருகிறவர்கள் கூட்டாளிகளைக் கூட்டிவந்து அதை வேடிக்கை பார்ப்பார்கள். கைதேர்ந்தவர் என்றால் இப்படித்தான் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தாடையில் வைத்துத் தட்டினேன். தலைக்குள்ளேயே கேட்டது. ரப்பர், போல்ட், மரம் எல்லாம் தனித்தனியாக. எழுந்துபோய், லேத் ஓட்டும்போது போடுகிற காதுமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி தட்டினேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. எலும்பு வழியாக மட்டும் அப்படியே முழுதாகக் கேட்டது.

காதுமூடியைக் கழற்றாமலே உங்களைப் பற்றி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

நடக்கும்போது எப்போதும் என்னை உங்கள் வலப்பக்கம் வரச் சொல்வது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினால், "முகத்தப் பாத்துப் பேசு" என்று கோபித்துக்கொள்வது. என் மேல் அவ்வளவு பிரியம் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். ஃபோனில் அந்தச் சரி சரி. இதற்கு நடுவில், செவிடன் காதில் ஊதின சங்கு என்று நான் எத்தனை தடவை உங்களைத் திட்டியிருக்கிறேன்? அந்தப் பழமொழி இனி என் வாயில் வராது.

ஒரு காதா, இரண்டுமா, எப்போதிலிருந்து என்று நான் கேட்கப் போவதில்லை. கோபம் இல்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். ஆனால் இப்போது கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. காதைச் சொன்னால் கோலை யார் வாங்குவார்கள் என்று பயந்தீர்களோ என்னவோ. பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்தீர்களோ. கொடுத்திருப்பார்கள். என் அப்பா விசாரித்தது குடிப்பழக்கம் உண்டா என்று மட்டும்தான்.

அறுபதையே வைத்துக்கொண்டேன், கொட்டகை அக்காவிடம் இன்னும் பத்து வார்த்து வாங்கினேன். எழுபது மணிக்கட்டில் உதைக்கிறது. அறுபது போல்ட்டை நன்றாகப் பிடிக்கிறது, தட்டினால் தட்டின மாதிரியும் இருக்கிறது. கோலுக்குள் போகிற அதன் தண்டு மட்டும் ஒரு நூல் பருமன் அதிகம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரி செய்தேன். பதினாறும் தயார், திங்கட்கிழமை போகிறது. ஒன்றும் சிணுங்கவில்லை. தப்பிருந்தால் நீங்கள் வந்து சொல்லுங்கள்.

இனி டாக்டர். தடுப்பூசி போடப் போனபோது டாக்டரம்மா உருண்டையின் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்துவிட்டு, பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. தூங்க வைத்துப் பார்க்கிற பரிசோதனையாம், வலிக்காதாம். காதுக்கு மெஷின் வைப்பதானால் எவ்வளவு சீக்கிரம் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது, கேட்டால்தானே பேச்சு வரும் என்றார். நாள் போகப் போக நம் பிள்ளைக்குத்தான் நஷ்டம். என்னால் இதை ஆறப்போட முடியாது.

ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். பிறந்த எடை, காய்ச்சல், போட்ட ஊசி எல்லாம் எழுதிவிட்டேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் பாக்கி. தாய்வழியிலோ தந்தைவழியிலோ யாருக்காவது காது கேட்பதில் குறை உண்டா, எந்த வயதிலிருந்து என்பது. என் பக்கம் யாருக்கும் இல்லை என்று எழுதினேன். போன ஞாயிறு உங்கள் அக்கா வந்திருந்தபோது, பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன். "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. இவனுக்குத்தான் சின்ன வயசுலேருந்தே திமிரு. கூப்பிட்டா திரும்ப மாட்டான், முதுகுல ஒண்ணு வெச்சாதான் திரும்புவான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். காபி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அந்த இடத்தை நானே நிரப்பியிருக்கலாம். அது உங்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். அந்தப் பதிலை வைத்துத்தான் காரணத்தை எங்கே தேடுவது என்று பார்ப்பார்களாம். கிடங்குக்காரரிடம் நாலு நாள் விடுப்புக் கேளுங்கள். பலகை எங்கும் ஓடிப்போகாது. முந்தின நாள் காலை பஸ்ஸில் ஏறினால் இருட்டுவதற்குள் வந்துவிடலாம். எழுத மனம் வராவிட்டாலும் வாருங்கள். அவளைத் தூங்க வைக்க உங்கள் தோள்தான் வேண்டும், என் தோளில் அவள் தூங்குவதே இல்லை.

இன்னொன்று. வந்ததும் உருண்டையைப் பின்னாலிருந்து கூப்பிட வேண்டாம். எதிரில் வந்து, அவள் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு கூப்பிடுங்கள். நானும் இனி உங்களை அப்படித்தான் கூப்பிடுவேன்.

உங்களை எதிர்பார்த்து,
உருண்டையின் அம்மா