இடது கையால் கீறிய ஆறு

இன்று காலை வாடகை வீட்டுச் சொந்தக்காரர் மாடிப்படியின் மரக் கைப்பிடிக்கு வார்னிஷ் பூசினார். கதவைத் திறந்ததும் வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை முகத்தில் அடித்தது. குசினிக்குள் நீங்கள் தூரிகை கழுவுகிறீர்கள் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு அப்படியே உட்கார்ந்தேன்.

புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் பகல் முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் படம் கீறுவீர்கள். உங்களுக்குப் பிடித்த ஓவியர் ஒருவர்தான். நூற்றைம்பது வருடங்களுக்கு முன், நாம் வந்து குடியேறிய இந்த நாட்டின் எல்லைக்கு அப்பால் மலையும் ஆறும் கீறிய அமெரிக்கர். நூலகத்துப் புத்தகத்தை என் முன்னே விரித்து, "ஆக்களை எவ்வளவு சின்னனாக் கீறியிருக்கிறார் பாரும். இடமெல்லாம் வானத்துக்குத்தான்" என்பீர்கள். அடுப்பில் கறி கருகும்.

பக்கவாதம் உங்கள் வலது கையை எடுத்துக்கொண்ட பிறகு, அந்த மனிதரின் வாழ்க்கையை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளைகளைப் பறிகொடுத்தும் அவர் தூரிகையை விடவில்லை. மூட்டுவாதத்தில் வலது கை மடங்கியபோது இடது கையால் கீறப் பழகினார்.

"அவரால ஏலுமெண்டா உங்களாலயும் ஏலும்" என்றேன்.

"அவர் வேற, நான் வேற" என்றீர்கள். ஆனாலும் அந்தக் குளிர்காலம் முழுவதும் முயன்றீர்கள். கான்வாஸ் நழுவாமல் நான் பிடித்துக்கொள்வேன். ஆற்றங்கரைக்கு ஒரு கோடு இழுப்பதற்குள் வியர்த்துப்போவீர்கள். கோடு நீங்கள் நினைத்த இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. லவாலிலிருந்து வரும் மகள், "நல்லா வந்திருக்கு அப்பா" என்பாள். அவள் போனதும் எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிடுவீர்கள்.

ஒரு பின்னேரம் கேட்டீர்கள்: "அந்த மனுசனுக்குக் கடைசியில என்ன நடந்தது? அதை ஏன் வாசிக்காமல் விட்டனீர்?"

வாசித்தேன். காலம் மாறியது, அவருடைய மலைகளைப் பழசு என்றார்கள். அவர் இறந்த செய்தி வந்தபோது, இவ்வளவு நாளும் உயிரோடா இருந்தார் என்று பலர் கேட்டார்களாம்.

நீங்கள் அழுவீர்கள் என்று பயந்தேன். சிரித்தீர்கள். "அப்ப இடது கை பழகியும் பிரயோசனம் இல்லை. இதைக் கொண்டுபோய் வையும்" என்று தூரிகையை நீட்டினீர்கள். பிறகு அதைத் திரும்பக் கேட்கவே இல்லை. பனி கரையுமுன் இரண்டாம் முறையும் பக்கவாதம் வந்து உங்களைக் கொண்டுபோனது. அதற்குப் பின் உங்கள் குரலை நான் கேட்கவில்லை.

நெடுங்காலம் கழித்து அவருடைய படங்களைத் தேடி எடுத்து மறுபடி தொங்கவிட்டார்கள் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. அதை வாசித்திருந்தால் மட்டும் என்ன? அவருக்கே அது தெரியாது. உங்களுடைய படங்கள் மகளின் வீட்டு நிலவறையில் சுவரைப் பார்த்தபடி நிற்கின்றன. "மாட்ட இடமில்லை அம்மா" என்கிறாள். அவள் சொல்வது பொய்யுமில்லை.

போன ஞாயிறு என்னைக் காரில் கூட்டிப்போனாள். பாலத்தில் ஏறியதும் உறைந்த ஆறு தெரிந்தது. கரையோரம் சாம்பல், நடுவே நீலம், வெடிப்புகளில் தேத்தண்ணீர் நிறம். உங்கள் கண் எனக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது; கழற்றத் தெரியவில்லை.

"அங்க பார் பிள்ளை, ஐஸில எத்தனை நிறம்" என்றேன்.

"எல்லாம் வெள்ளைதானே அம்மா" என்றாள், வீதியை விட்டுப் பார்வையை எடுக்காமல்.

"ஓம், வெள்ளைதான்" என்றேன்.