அக்காவின் கன்றுகளும் என் மழை நோட்டும்

நான் பொறாமைப்பட்டே வளர்ந்த என் அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா நலம். தினமும் காலையில் காவிரிப் பாலம் வரை நடந்து, கீழே மணலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். பசிபிக் கடல் சூடாகியிருக்கிறது, தென்மேற்குப் பருவமழை குறையலாம் என்று செய்தியில் சொன்னார்கள். "பெரியவ இருந்தா விளக்கமா சொல்லுவா" என்றார் அப்பா. இருபது வருஷமாகப் பள்ளியில் புவியியல் நடத்தும் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீ கல்லூரியில் தாவரவியல் நடத்தினாய். வருஷா வருஷம் பச்சைமலைக் காட்டில் ஓரிடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அதற்குள் முளைத்த மரக்கன்றுகளை மழைக்குப் பிறகு ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் எண்ணினாய். நான் அதே மலையின் அடிவாரத்தில், என் பள்ளி மாடியில் மழைமானி வைத்து நோட்டில் எழுதினேன். உன்னைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். என் மழைமானியைப் பார்க்க ஒரு காக்கை வந்தது.

நமக்குள் எப்போதும் ஒரே சண்டை. "காடு காய்ஞ்சுக்கிட்டே போகுதுடி" என்பாய்.

"அது சுழற்சிதான்க்கா. கடல் சூடானா தென்மேற்கு மழை குறையும், காவிரி வத்தும். ஆனா அந்த வருஷம் ஐப்பசி மழை பெரும்பாலும் நல்லாவே பெய்யும். ரெண்டு மூணு வருஷத்துல எல்லாம் மாறிடும்."

"மழை திரும்பி வரும். கன்னு திரும்பி வருதா? ஒவ்வொரு வறட்சியும் முன்னைவிடச் சூடா வருது. பெரிய மரம் தாங்கிக்கும், கன்னு தாங்காது."

அந்தக் கன்றுகளைப் பற்றி நீ எழுதிவந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தவர்களும் என் கேள்வியையே கேட்டார்கள். இது வந்து போகும் வறட்சி இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பதில் சொல்ல உனக்கு அடிவாரத்து மழைக்கணக்கு தேவைப்பட்டது. நீ என்னிடம் வந்து கேட்டாய். "எல்லா நோட்டையும் கரையான் அரிச்சிருச்சு" என்றேன். பீரோவில் அவை பத்திரமாக இருந்தன.

நீ கோபப்படவில்லை. மறுநாள் எனக்கு ஒரு புது நோட்டு வாங்கி வந்தாய். "போனா போகட்டும், இதுலேருந்து எழுது" என்றாய். நீ திட்டியிருந்தால் அன்றே கொடுத்திருப்பேனோ என்னவோ. அடுத்த தையில் நீ இல்லை. கட்டுரை பாதியில் நின்றது.

இந்த வைகாசியில் உன் குறிப்பேடுகளையும் என் நோட்டுகளையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு பச்சைமலைக்குப் போனேன். உன்னோடு வருவாரே, அந்த வனக்காவலர்தான் வழிகாட்டினார். "அக்கா மாதிரி வேகமா நடக்க மாட்டேங்கிறீங்களேம்மா" என்றார். அங்கேயும் நீதான் முன்னால்.

நீ கயிறு கட்டிய இடத்தில் உசில மரங்கள் நின்றன. மரத்தடியில் வெறும் சருகு. "போன ஐப்பசியில நல்ல மழைங்க. கன்னு பச்சைப்பசேல்னு மொளைச்சுது. சித்திரை வெயில்ல அத்தனையும் கருகிப்போச்சு" என்றார்.

ஒரு பாறைமேல் உட்கார்ந்து உன் எண்ணிக்கையையும் என் மழையையும் வருஷவாரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மழை குறைந்த வருஷங்களுக்குப் பின்னால் நல்ல மழை வந்திருக்கிறது. அந்த மட்டில் நான் சொன்னது சரி. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கோடையைத் தாண்டிய கன்றுகள் முந்தைய சுற்றைவிடக் குறைவு. மழையில் குறையில்லை; மண்ணில் இறங்கிய ஈரத்தை வெயில்தான் முன்னைவிடச் சீக்கிரமாக உறிஞ்சிவிடுகிறது. நீ சொன்னதற்கு அத்தாட்சி என் கையெழுத்திலேயே இருந்தது. அழுகைக்கு முன்னால் வந்தது எரிச்சல்தான் அக்கா. செத்த பிறகும் ஒருத்தி ஜெயிக்க முடியுமா?

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "நோட்டைக் கரையான் அரிக்கலைப்பா. நான் பொய் சொன்னேன்."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அவளுக்கு அப்பவே தெரியும்மா. பீரோவில பார்த்துட்டா. 'கேக்காதீங்கப்பா, அவளாக் குடுப்பா'ன்னா."

எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே. ஏன் போகவில்லை? ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூடக் காத்திருந்தாயா? உன்னைப்போல ஒரு நாளாவது என்னால் இருக்க முடிந்திருக்குமா?

கட்டுரையை நான் முடிக்கிறேன். உன் பெயர் முதலிலும் என் பெயர் இரண்டாவதாகவும் வரும். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும், தயங்கட்டும். இந்த ஐப்பசி மழை நின்றதும் நானே மலையேறிக் கன்றுகளை எண்ணுவேன். சித்திரையிலும் போய், மிஞ்சியதை எண்ணுவேன். என்னால் நடக்க முடிகிறவரை ஒரு வருஷமும் தவறாது.

பொறாமை இன்னும் தீராத,
உன் ஒரே தங்கை
மாலதி