இடுப்பளவு வீரை

மாப்ள, இன்று காலை பொக்லைனை ஓட்டிக்கொண்டு தைலமரக் காட்டைத் தாண்டினேன். கடைசி வரிசை முடிந்ததும் காற்று மாறியது. நேற்றைய மழையில் நனைந்த இலைமக்கின் வாசம். அய்யனார் கோயில் காடு வந்துவிட்டது என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது. உடனே உன் ஞாபகம். கூடப் படித்து, என் தங்கையையும் கட்டிக்கொண்டு, நாலு வருஷத்துக்கு முன் சொல்லாமல் போய்ச் சேர்ந்தவன் நீ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இரண்டு நாளைக்கு முன் கோயில் கமிட்டித் தலைவர் கூப்பிட்டார். "கும்பாபிஷேகம் வருது, காரு நிறுத்த எடம் வேணும். அந்தப் பொதரத் தள்ளி விட்ருங்க." பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இதையேதான் கேட்டார்கள். அன்று நான் சரியென்றேன். பெரிய மரத்தில் கை வைத்தால் சாமி குத்தம், புதருக்கு ஏது சாமி என்பது என் எண்ணம்.

நான் பக்கெட்டை இறக்குவதற்குள் நீ வந்துவிட்டாய். கறம்பக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடையைப் போட்டது போட்டபடி விட்டு வந்திருந்தாய். கத்துவாய் என்று நினைத்தேன். "வண்டிய ஆப் பண்ணு மச்சான். அஞ்சு நிமிசம் உள்ள வா" என்றாய்.

வெளியே வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே நாலு எட்டு வைத்ததும் உடம்பு குளிர்ந்தது. ஊரே காய்ந்து கிடந்தபோது பாலை மரமும் வீரை மரமும் பச்சை குறையாமல் நின்றன. கிழட்டு வீரை மரம் ஒன்றின் நிழலில் நின்ற இடுப்பளவுக் கன்றைக் காட்டினாய். அதன் தண்டில் பச்சை பூத்த செம்புக்கம்பி வளையம் தொங்கியது.

"எட்டாப்பு லீவுல அப்பா கடையில எடுத்தாந்து கட்டுனேனே. நீயும் பக்கத்துலதான நின்ன."

நின்றேன்தான். அன்று அது நம் நெஞ்சளவு இருந்தது. வளர்ந்தது நாம் மட்டும்தான். வளையத்துக்குள் விரலை விட்டேன். இருபத்தைந்து வருஷம் கழித்தும் தாராளமாக நுழைந்தது.

"காத்துக்கிட்டு நிக்கிது மச்சான். பெருசு விழுந்து வெளிச்சம் வந்தாத்தான் இது எந்திரிக்கும். நீ பொதருங்கிறியே, அதுல பாதி இந்த மாதிரிப் புள்ளைகதான்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுற்றிலும் தைலமரம், அதை நட்ட சில வருஷத்தில் வெட்டிவிடுகிறார்கள். நடுவில் தீவு மாதிரி இந்தத் துண்டுக் காடு. அதற்குள் ஒரு கன்று தன் முறை வரட்டும் என்று கால் நூற்றாண்டாக நிற்கிறது! அப்படி எத்தனை நின்றனவோ. ஒரே இழுப்பில் அத்தனையையும் வழித்திருப்பேன். அந்த மலைப்பு இன்றுவரை எனக்கு அடங்கவில்லை.

ஆனால் கமிட்டியிடம் என்ன சொன்னேன்? வண்டி ரிப்பேர் என்றேன். ஒரு கன்றுக்காக வேலையை விட்டேன் என்றால் சிரிப்பார்களே என்ற வெட்கம். கும்பாபிஷேக நாள் நெருங்கிவிட்டதால் அவர்களும் அப்படியே விட்டுவிட்டார்கள். உள்ளதை அன்றே சொல்லியிருந்தால் ஊருக்கும் தெரிந்திருக்கும். அவர்களுக்கு அது இன்னமும் புதர்தான்.

நேற்று போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நாங்க வேற வண்டி பாத்துக்கிறோம், நீங்க கெளம்புங்க" என்றார் தலைவர். அந்த வண்டி இன்று வருகிறது. காட்டுக்கு இருப்பது ஒரே பாதை. அதில் என் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சாவி என் மடியில் இருக்கிறது. தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது மாப்ள. பொய் சொல்லாமல் நிற்பது எனக்கு இதுதான் முதல் தடவை.