அக்கா அறையில் கட்டிய கொடி

நவம்பர் 9, ஞாயிறு

வெளியே ஒரே புகை. பால்கனியில் காயப்போட்டால் சட்டையெல்லாம் கரி வாடை. அக்கா அறையில் கொடி கட்டினேன். அவளுடைய ஆக்ஸிஜன் இயந்திரம் பின்பக்கம் சூடான காற்றை விடுகிறது. சாயங்காலத்துக்குள் துணி மொடமொடவென்று காய்ந்துவிட்டது. என் மனைவி கோமளா சிரித்தாள்: "டாக்டர் பட்டம் வாங்கினது இதுக்காச்சும் ஆச்சே."

நவம்பர் 14

நுரையீரல் வைத்தியத்துக்கு என்று பம்பாயிலிருந்து வந்து தங்கியிருக்கிறாள் இந்திராணி அக்கா. என் ஆபீஸ் குவார்ட்டர்ஸே ஆஸ்பத்திரியாகிவிட்டது.

"ஏல சுப்பு, முன்ன மாதிரி காத்து வரலியே."

"மீட்டர் சரியாத்தான் காட்டுது. சும்மா கிட!" என்று கத்தினேன்.

எப்போதும் நாடகம். ஜெர்மனியில் எனக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்தபோது, "அம்மைய யாரு பாப்பா?" என்று அழுதே நிறுத்தியவள். அடுத்த வருஷம் புருஷனோடு பம்பாய் போய்விட்டாள். அம்மாவைப் பார்த்தது நான்.

நவம்பர் 18

இயந்திரத்தில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிகிறதாம், கோமளா சொல்கிறாள். மட்டமான சென்சார். இந்தக் கம்பெனிகளை எனக்குத் தெரியாதா?

நவம்பர் 20

காலையில் அக்காவின் உதடு நீலம். எமர்ஜென்சியில் சேர்த்தோம்.

நவம்பர் 21

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அவள் அறையில் துண்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன. இயந்திரம் காற்றை இழுக்கும் வடிகட்டியைத் தொட்டேன் — ஈரம்.

உள்ளே இருப்பது சியோலைட் மணிகள். காற்றிலுள்ள நைட்ரஜனைத் தம் மேற்பரப்பில் பிடித்துவைத்து ஆக்ஸிஜனை வெளியே விடும். ஈரம் புகுந்தால் தண்ணீர் முதலில் ஒட்டிக்கொள்ளும். நைட்ரஜனுக்கு இடமிருக்காது. மீட்டரில் ஓட்டம் சரியாகவே காட்டும்; குழாயில் வருவது கிட்டத்தட்ட வெறுங்காற்று.

என் ஆய்வேடே சியோலைட்டைப் பற்றித்தான். தெரியாமல் செய்தேனா? இல்லை — யோசிக்கவில்லை. ஆய்வகத்தில் என்றால் யோசித்திருப்பேனே. அவள் என்பதால்தானே?

நவம்பர் 24

பிழைத்துவிட்டாள். அவள் மகன் தீனா வந்து, இயந்திரம் விற்றவனைப் போனில் கிழிக்கிறான். "கேஸ் போடுவோம் மாமா." தலையாட்டினேன். சே, என்ன மனுஷன் நான்.

நவம்பர் 26

அக்காவிடம் சொல்லிவிட்டேன். கொடி, ஈரம், மஞ்சள் விளக்கு, எல்லாம். கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டே.

"துணி போட்டதுல இருந்துதாம்ல மூச்சு முட்டிச்சு," என்றாள். "மறுபடியும் சொன்னா வைவியேன்னு..."

மேலே பேச மூச்சில்லை அவளுக்கு.

நவம்பர் 30

தீனாவிடமும் சொன்னேன். அதற்குப்பின் அவன் என்னோடு பேசவில்லை. இன்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ராத்திரி சாப்பிடும்போது கோமளா ஏதோ சொல்ல வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள்.

"சொல்லு. வையமாட்டேன்."

"நிசமாவே ஒண்ணுமில்லங்க," என்று ரசத்தை என் பக்கம் நகர்த்தினாள்.