நீ ‘பழுது’ என்று எழுதிய ஸ்டொப்வாச்

இன்று காலை மகள் மேசை லாச்சியைக் கிண்டி அந்த ஸ்டொப்வாச்சை வெளியே எடுத்துவிட்டாள். சாவி கொடுத்து, தன் கைபேசியோடு ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தாள். “அப்பா, இது பெர்ஃபெத்தோ, சரியா ஓடுது! பிறகேன் பின்னாலை பழுது எண்டு ஒட்டிக் கிடக்குது?” என்றாள். உன் கையெழுத்து, மச்சான். பிளாஸ்டர் துண்டில் நீல மையால் நீ எழுதியது. “வை அங்கை!” என்று பிடுங்கிக்கொண்டேன். பிள்ளையிடம் எதற்குச் சீறினேன் என்று வெட்கமாக இருக்கிறது.

வுச்சீரியாச் சந்தையில் பழைய சாமான் விற்றவனிடம் இருவருமாகப் பேரம் பேசி வாங்கியது. ஊரில் விக்கெட் கீப்பராக நின்ற நீ, இத்தாலிக்கு வந்து பலெர்மோவில் படிக்கச் சேர்ந்து, ஆள் போதாமல் தவித்த பல்கலைக்கழக பேஸ்போல் அணியில், அடிப்பவனுக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கச்சரானாய். குந்தியிருந்து பந்து பிடிக்க உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கிரிக்கெட் பழக்கத்தில் பந்தோடு கையையும் பின்னால் இழுப்பாய். பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்வார். “அவருக்கென்ன, எங்கடை ஊரிலை இப்பிடிப் பிடிக்காட்டி விரல் போயிடும்,” என்பாய். அதையும் ஒரு மாதத்தில் திருத்திக்கொண்டாய்.

வேலையும் பந்துமாய்த் திரிந்ததில் உன் சோதனைகள் தவறின. இங்கே தங்க உனக்கிருந்த அனுமதி, அந்த மாணவர் பெர்மெசோ, அந்தக் கோடையோடு முடியவிருந்தது. அப்போதுதான் சம்பளத்துக்கு ஆட்டக்காரரை எடுக்கும் வடக்குக் கழகமொன்றின் ஆள் உன்னைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. எடுத்தால் ஒப்பந்தம், ஒப்பந்தம் இருந்தால் பெர்மெசோ. உன் கையுறையில் விழுந்த பந்து இரண்டு செக்கனுக்குள் எதிரே இரண்டாம் பேஸில் நிற்பவனிடம் போய்ச் சேரவேண்டும், அதுதான் அவருடைய அளவு.

என் உணவகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் நீ எறிவாய், நான் நேரம் பார்ப்பேன். வேலை வீட்டில் ஆறு மாடிப் படிகளைத் தேய்த்துவிட்டு வந்த தோள். இரண்டரை, இரண்டே கால், அதற்குக் கீழே இறங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாய். தாங்கமாட்டாமல் ஒருநாள், பந்து போய்ச் சேருமுன்னே நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். “ஒண்டு தசம் ஒன்பது!” என்று கத்தினேன். நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். பிறகு ஒவ்வொரு திங்களும் அதே பொய்தான். மூதேவி நான்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நீ வேலை செய்த வீட்டுக்காரச் சிஞ்ஞோரா, தன் வீட்டிலேயே தங்கி வேலை செய்ய ஒப்புக்கொண்டால் உன் பெர்மெசோவுக்குத் தானே கையெழுத்து வைப்பதாகச் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாய்.

“மச்சான், உண்மையைச் சொல்லு. நான் தேறுவனோ?”

“ஓம். நேரம் சொல்லுதுதானே.”

மறுநாள் அவளிடம் வேண்டாம் என்றாய். அவள் அந்தக் கிழமையே மொரிசியஸ் பெண்ணொருத்தியை வைத்துக்கொண்டாள்.

வடக்குக் கழகத்திலிருந்து வந்தவர் பத்துத் தரம் எறியச் சொன்னார். தன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். கைகள் அருமை, ஆட்ட மூளை அருமை, தோள் மட்டும் போதாது என்றார். இரண்டு தசம் மூன்று.

திரும்பும் பஸ்ஸில் நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “வுச்சீரியாச் சாமான்தானே, எங்களைப் பேய்க்காட்டிப்போட்டுது. நீ என்ன செய்வாய், பாவம்,” என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும், இனி ஒருத்தனும் இதை நம்பி ஏமாறக்கூடாது என்று பிளாஸ்டர் வெட்டி எழுதி ஒட்டினாய்.

கோடை முடிய, “ஜேர்மனிக்குப் போறன், போய்ச் சேர்ந்து போன் எடுக்கிறன்,” என்றாய். பூட்டிய லொறிக்குள் மூச்சடைத்துப் போனாய் என்று பங்குத்தந்தைதான் வந்து சொன்னார். ஐயோ, அந்த வீட்டுப் படிகளை நீ இன்றும் தேய்த்துக்கொண்டிருக்கலாமே.

பிளாஸ்டரை நான் இன்னும் உரிக்கவில்லை. மாதமொருமுறை ஊரிலிருக்கும் உன் அம்மாவோடு போனில் கதைக்கிறேன். “கடைசிமட்டும் நீ அவனுக்குப் பக்கத்திலை இருந்தனி. அதுதான் தம்பி எனக்கு ஆறுதல்,” என்கிறா.

“ஓம் அம்மா,” என்கிறேன்.